மூன்று வயதில் சீட்டாட்டம்

சீட்டுக்கட்டு என்றாலே பல வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பணம் வைத்து ஆடுகிறவர்களால் அதற்கு வந்த கெட்ட பெயர் அது. பாவம், அட்டை என்ன செய்யும்! மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு அதே கட்டு அருமையான கணக்குப் பாடம்.

52 சீட்டும் வேண்டாம். ஒன்று முதல் ஐந்து வரை எடுத்துக்கொண்டால் போதும். ஆளுக்கொரு சீட்டைத் திருப்பிப் போட வேண்டும். பெரிய எண் யாருடையதோ அவருக்கே இரண்டும். டைமன் நான்கு வந்தால் குழந்தை ஒவ்வொரு சிவப்புக் கட்டத்தின் மேலும் விரல் வைத்து எண்ணும். ஆடி ஆடிப் பழகியபின் விரலே வேண்டாம், பார்த்ததும் "நாலு!" என்று கத்தும்.

கவிழ்த்த சீட்டில் ஜோடி தேடுவது இன்னோர் ஆட்டம். 1959-இல் ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் நிறுவனம் இதைப் படச்சீட்டாக 'மெமரி' என்ற பெயரில் வெளியிட்டது. ஜப்பானியர்களோ பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சிப்பி ஓடுகளை வைத்து இப்படி ஆடினார்கள். ஒரு சிப்பியின் ஒரு பாதி, தன் மறுபாதியைத் தவிர வேறெதோடும் பொருந்தாது. அந்த ஓடுகளின் உட்புறத்தில் வரைந்த ஓவியங்கள் அவ்வளவு அழகு!

சின்னக் குழந்தைக்கு ஆறு ஜோடி போதும். நிறைய பரப்பினால் சலித்துவிடும்.

கையில் சீட்டு வைத்து ஆடும் ஆட்டம் என்றால், பிஞ்சு விரல்களுக்குச் சீட்டுகளை விசிறிபோல் விரித்துப் பிடிக்க வராது. செருப்புப் பெட்டியின் மூடியில் நீளமாக ஒரு கீறல் போட்டுச் சீட்டுகளை அதில் செருகி நிறுத்தலாம்.