கைகழுவலும் தலைமுழுகலும்



பொறுப்பைத் துறப்பதனை ஆங்கிலத்தார் 'கைகழுவுதல்' என்னும் தொடரால் குறிப்பர். அதன் வேர் விவிலியத்தில் உள்ளது. இயேசுவிடம் குற்றம் காணாத ஆளுநன் பிலாத்து, மக்கள் முன் கைகழுவி, 'இப்பழி எனதன்று' என்னும் கருத்துப்பட மொழிந்து, அவரைச் சிலுவைச் சாவுக்குக் கையளித்தான் என்பது மத்தேயு நற்செய்தி 27ஆம் அதிகாரச் செய்தி. உபாகமம் 21ஆம் அதிகாரம் காட்டும் வழக்கமோ வேறு. கொன்றவன் இன்னான் என்றறியாப் பிணம் வெளியிற் கிடப்பின், அண்மையூர் மூப்பர் கைகழுவித் தம் குற்றமின்மையை அறிவித்தல் வேண்டும். அங்கே அது வாய்மையின் சடங்கு. பிலாத்துவிடம் பொய்ம்மையின் போர்வை.

நம் வழக்கிலும் 'கைகழுவிவிட்டான்' என்பது உண்டு. எனினும் 'தலைமுழுகிவிட்டான்' என்பதே நம் மண்ணின் சொல். இறந்தார்பொருட்டு உறவினர் நீராடித் தீட்டுக் கழிக்கும் வழக்கிற் பிறந்தது அது. கைகழுவுவதற்கு உறவு வேண்டுவதில்லை. தலைமுழுகுவதற்கோ முன்னர் உறவு இருந்திருத்தல் வேண்டும். முன்னது 'தொடர்பே இல்லை' என மறுக்கிறது. பின்னது 'தொடர்பு இருந்தது, இன்று மாண்டது' என ஒப்புகிறது.

பிறமொழிக் கவிதையைத் தமிழாக்குவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால், பழிக்கு அஞ்சி ஒதுங்கியவன் உறவை இழந்து நிற்பவனாக மாறிவிடுவான். சொல்லின் பின்னுள்ள சடங்கை அறிந்து சொல்லை ஆள்வோமாக.