ராமென் கடையில் கற்ற நன்றி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ எழுதியதை உங்களிற் பலர் அறிவீர்கள். மொழியியலார் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்றுக்கொள்ளவில்லை. அவ்வாராய்ச்சியில் இறங்க நான் தகுதியுடையவன் அல்லேன். நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு கிண்ணம் உணவைப் பற்றியே. சென்ற ஆண்டு மகளைக் காண டோக்கியோ சென்றிருந்தபொழுது, அவள் என்னை ஒரு ராமென் கடைக்கு அழைத்துச் சென்றாள். அங்கே நான் உண்டது ஜப்பானிய உணவு, நினைத்தது போனக்காடு.

போனக்காட்டை உங்களிற் பலர் அகத்தியர் கூடத்திற்குச் செல்லும் வழி என்றே அறிவீர்கள். விதுராவைக் கடந்து மேலே சென்றால், 1868 மீட்டர் உயர்ந்த அம்மலையின் அடிவாரத்தில் அத்தேயிலைத் தோட்டம் இருக்கிறது. வெள்ளையர் காலத்தில் உண்டான தோட்டம் அது. கொழுந்து பறிக்கத் தமிழகத்தின் தென்கோடியிலிருந்து மலையேறி வந்த ஏழைகளுள் என் பாட்டனாரும் பாட்டியாரும் இருவர். நான் அங்கே ஒரு லயத்தில் பிறந்தவன். அவித்த மரவள்ளிக்கிழங்கு, கருவாட்டைச் சுட்டு மிளகாயும் உப்பும் கூட்டி இடித்த துவையல், பால் விடாத கட்டன் சாயா. இவையே எங்கள் காலையுணவு. பின்னர் மலையிறங்கிப் பள்ளிக்குச் சென்ற காலத்தில், அக்கருவாட்டு மணத்தை உடன் பயில்வோர் எள்ளுவர் என்று அஞ்சி, தூக்குப் பாத்திரத்தைத் திறவாமலே மாலையில் திருப்பிக் கொணர்ந்த நாட்கள் உண்டு. பாட்டியார் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அறிந்திருந்தார் என்றே இன்று நினைக்கிறேன்.

இனி அந்தக் கடைக்கு வருவோம். வாயிலில் ஓர் இயந்திரம் நின்றது. பணம் இட்டு, வேண்டிய உணவுக்குரிய பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அதைச் சமையற்காரரிடம் கொடுத்துவிட்டு அமர வேண்டும். அடுப்பை ஒட்டி நீண்ட பலகை ஒன்று, அதன் முன் பத்துப் பன்னிரண்டு இருக்கைகள், அவ்வளவே கடை. அலுவலகத்து மேலாளர் போன்ற ஒருவரும், கட்டட வேலை உடையில் வந்த ஒருவரும் தோளோடு தோள் உரச அமர்ந்து உண்டனர். இழைகளைச் சூட்டோடு ஓசையெழ உறிஞ்சி உண்பது அங்கே குற்றம் அன்று. ரசத்தை உறிஞ்சினால் பிள்ளைகளைக் கண்டிக்கும் தாய்மார்கள் இதைக் கேட்டு வியப்படையலாம்!

ராமென் என்பது சாறு, உப்புச் சுவை தரும் கூட்டு, கோதுமை இழை, மேலே வைக்கும் கறியும் காயும் ஆகிய நான்கும் சேர்ந்தது. பன்றியெலும்பையோ கோழியெலும்பையோ பல மணி நேரம் காய்ச்சிச் சாறு எடுக்கின்றனர். சோயா சாறோ, சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் மிசோவோ, வெறும் உப்போ அதற்குச் சுவை கூட்டும். உணவில் விலக்கு உடையோர் கேட்டறிந்தே உண்ணல் வேண்டும். தெளிந்த சாறாகத் தோன்றுவதிலும் மீனும் எலும்பும் கலந்திருக்கும். இழையின் மஞ்சள் நிறத்திற்கும் துவளாத உறுதிக்கும் காரணம், மாவில் சேர்க்கும் ‘கன்சுயி’ என்னும் காரநீர். அப்பளத்திற்கு நம் வீடுகளில் இடும் அப்பளக்காரத்தின் உறவே அது.

இவ்வளவு புகழ்பெற்ற இவ்வுணவு ஜப்பானியர் படைத்ததோ என்று மகளைக் கேட்டேன். “இல்லை, அப்பா! இதுவும் நம்மைப் போல் பிழைக்க வந்தது தான்” என்றாள். அவள் கூறிய வரலாறு என் உள்ளத்தைத் தொட்டது.

1859-இல் யோகோஹாமா துறைமுகம் அயல்நாட்டு வாணிகத்திற்குத் திறக்கப்பட்டபின் சீனர் பலர் அங்கே குடியேறினர். அவர்களோடு வந்தது இவ்விழையுணவு. 1910-இல் ஓசாகி கன்இச்சி என்பவர், யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையற்காரரை அழைத்து வந்து, டோக்கியோவின் அசாகுசாவில் ‘ராய்ராய்கென்’ என்னும் கடையைத் தொடங்கினார். உழைப்பாளரும் மாணவரும் மலிவாக உண்ணும் உணவாக அது பரவிற்று. போர் முடிந்த 1945-க்குப் பின் அரிசிப் பஞ்சம் வந்தது. அமெரிக்கக் கோதுமை வந்தது. தெருவோரத் தள்ளுவண்டிகளில் இக்கிண்ணம் பசித்தவர்க்குச் சோறாயிற்று. 1958-இல், தைவானில் பிறந்து ஜப்பானில் வாழ்ந்த அண்டோ மொமொஃபுகு, இழையைப் பொரித்து உலர்த்தி உடனடி ராமெனைக் கண்டார். நம் பிள்ளைகள் இன்று விரும்பி உண்ணும் பொட்டல நூடுல்ஸின் முன்னோடி அதுவே.

இதற்கு எதிர்முகமாக நம் ஊரிலிருந்தும் ஒருவர் அங்கே சென்றார். 1905-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த ஏ. எம். நாயர், 1928-இல் கியோட்டோ சென்று பொறியியல் பயின்றார்; இந்திய விடுதலைக்கு அங்கிருந்தே உழைத்தார்; 1949-இல் டோக்கியோவின் கின்சாவில் இந்திய உணவகம் தொடங்கினார். தம் ஊர்ச் சுவையை அயலார்முன் வைக்க அவர் நாணவில்லை. சீனக் கூலியாளின் கிண்ணமும் நாணவில்லை. நாணியவன் நான் ஒருவனே!

உண்டு முடித்தவர்கள் கிண்ணத்தைப் பலகையின் மேல்தட்டில் எடுத்து வைத்து, தாம் உண்ட இடத்தைத் துடைத்து, ‘கொச்சிசோசமா’ என்று கூறி எழுகின்றனர். விருந்துக்கு நன்றி என்பது அதன் கருத்து. அதில் உள்ள ‘சிசோ’ என்னும் பகுதிக்கு ஓடியாடுதல் என்பது பழம்பொருள் என்று மகள் விளக்கினாள். எனக்காக ஓடியாடி உழைத்தவர்க்கு நன்றி என்பதே அதன் உட்பொருள். அன்பர்களே, போனக்காட்டுத் தேயிலையை எத்தனையோ நாட்டார் பருகியிருப்பர். கொழுந்துக் கூடையைச் சுமந்து மலைச்சரிவில் ஓடியாடிய கால்களுக்கு நன்றி சொன்னவர் எவர்? அவற்றின் உழைப்பில் வளர்ந்த நானே சொல்லவில்லையே!

இன்று அத்தோட்டத்தின் தொழிற்சாலை இயங்கவில்லை. கூலி நின்றது, பலர் மலையிறங்கினர், லயங்கள் இடிந்துவருகின்றன. பழைய பங்களாவில் பேய் உலவுகிறது என்னும் கதையைக் கேட்டுப் படம் எடுக்க இளைஞர்கள் வருகிறார்கள். பேயின் கதையைக் கேட்போர் பலர். அங்கே வாழ்ந்தவரின் கதையைக் கேட்போர் சிலர்.

ஆகவே சங்கத்திற்கு இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். இளைஞர் சிலர் போனக்காட்டிற்குச் சென்று, எஞ்சியிருக்கும் மூதாட்டியரிடம் அமர்ந்து, அவர்கள் சமைத்ததையும் பேசியதையும் எழுதி வரட்டும். அடுத்த மலரில் அதை வெளியிடுவோம். அடுத்த ஆண்டு விழாவிற்கு அவர்களை விருந்தினராக அழைத்து முன்வரிசையில் அமர்த்துவோம். அன்றைய பந்தியில் பாயசத்திற்கு முன்னே மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுத் துவையலும் பரிமாறப்படட்டும். அன்று நான் என் இலையை மூடாமல் உண்பேன்.