மறைத்தலும் மிகைத்தலும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உடற்குறையுடையார் அரசினர் உதவியைப் பெறத் தம் குறையை மெய்ப்பிக்கும் முறையைப்பற்றி இன்று பேச விழைகின்றோம். எம் பிழையொன்றை முதற்கண் ஒப்புக்கொண்டு தொடங்குகின்றோம்.

எம் வகுப்பில் நம் மரபைச் சார்ந்த சிறுவன் ஒருவன் பயின்றான். வினவினால் வேறு விடை கூறுவான். கவனமற்றவன் எனக் கருதிப் பலமுறை கடிந்தோம், பெஞ்சின்மீது நிறுத்தினோம். ஒருநாள் அவன் பின்னே நின்று பெயர் சொல்லி அழைத்தோம், திரும்பினானல்லன். எம் உதட்டசைவைக் கண்டே அவன் பாடங்கேட்டு வந்தான் என்பது அப்பொழுதே விளங்கிற்று. பெற்றோரை அழைத்து வினவினோம். "தெரியும் ஐயா, வெளியே சொன்னால் இவன் அக்காளுக்கு வரன் அமையாதே!" என்றனர்.

அன்பர்களே! 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளையே ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்கின்றது. செவிப்புலனில், இரு செவிகளிலும் 60 டெசிபலேனும் இழப்பு இருத்தல் வேண்டும். குறை நூற்றுக்கு 40க்குக் குறையாதிருப்பின், அரசுப் பணியில் 4 விழுக்காடும், அரசு உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காடும் ஒதுக்கீடு பெற வழியுண்டு. தனி மருத்துவர் எழுதிய சீட்டு இதற்குப் போதாது. அரசு நியமித்த சான்றதிகாரியே அளந்து சான்று அளித்தல் வேண்டும்.

அச்சிறுவன் சோதனைக்குச் சென்றபோது, "ஒன்றும் கேட்கவில்லை என்றே சொல்" என்று அயலார் ஒருவர் கற்பித்து அனுப்பினார். இருமுறை எடுத்த அளவும் ஒவ்வாமையால் மருத்துவர் ஐயுற்றனர். பின்னர், ஒலி கேட்டவிடத்து மூளையில் எழும் அசைவைப் பொறியே பதியும் 'பெரா' சோதனையால் உண்மை புலப்பட்டது. உள்ள குறையே சான்றுக்குப் போதுமானதாயிருந்தது! முன்பு மறைத்ததால் ஆண்டுகள் கழிந்தன. பின்பு மிகைத்ததால் மெய்யே பொய்யெனக் கருதப்பட இருந்தது. வஞ்சித்துப் பயன் பெறுவார்க்கு ஈராண்டு வரை சிறையோ, ஓரிலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடந்தருகின்றது. அதனினும் பெரிய கேடு, ஒருவன் பொய்யால் உண்மையான குறையுடையார் பலர்மீதும் ஐயம் விழுதலேயாம்.

சான்று மறுக்கப்பட்டால் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மேல்முறையீட்டுக்கும் சட்டத்தில் இடமுண்டு. விண்ணப்பம் இணையவழிச் செல்வதாகலின், எழுத்தறியாத் தாய் எங்ஙனம் செய்வாள்? மாதந்தோறும் ஒருநாள் நம் இளைஞர் இருவர் சங்கத்தில் அமர்ந்து விண்ணப்பம் நிரப்பித் தருக. வேண்டுவார்க்கு மருத்துவமனைக்குத் துணை செல்க. வரன் பேசுமிடத்து உடன்பிறந்தார் குறையைக் காரணங்காட்டி மறுப்பதில்லை என்றும் நாம் உறுதி கொள்வோம். அவ்வுறுதி இல்லாதவரை எந்தத் தாயும் வாய்திறவாள்.

அச்சிறுவன் இப்பொழுது காதொலிக்கருவி அணிந்து முதல் வரிசையில் அமர்கின்றான். அவனைக் காணுந்தோறும் எம் தலை தாழ்கின்றது. அந்நிலை உங்களுக்கு நேராதிருப்பதாக!