சூரியனுக்கும் ஒரு செக்ரோல்



நம் கோலா சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி மேல் நின்று நோன்புப் பிறை பார்ப்பதை அறிவீர்கள். தமிழ்நாட்டில் ஒரு மலையில் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனையே பார்த்து வருகிறார்கள். அது கொடைக்கானல்.

சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றி மறையும். சுற்றுப்புறத்தைவிட அங்கே வெப்பம் குறைவு. அதனால் கறுத்துத் தெரிகின்றன. ஜெர்மனியில் மருந்துக் கடை வைத்திருந்த ஷ்வாபே என்பவர் 1826 முதல் இவற்றைத் தொலைநோக்கி கொண்டு குறித்து வந்தார். அவர் தேடியது என்னவோ புதனுக்கும் உள்ளே ஒரு கிரகத்தை! அது அகப்படவில்லை. ஆனால் ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒரு முறை புள்ளிகள் பெருகிக் குறைவதைக் கண்டு, 1844-இல் வெளியிட்டார்.

ஆளுக்கு ஆள் கணக்கு மாறக்கூடாதல்லவா? சுவிட்சர்லாந்தின் வோல்ஃப் ஒரு விதி வகுத்தார். புள்ளிக் கூட்டம் ஒன்றுக்குப் பத்து, தனிப்புள்ளி ஒன்றுக்கு ஒன்று. இரண்டு கூட்டங்களில் மொத்தம் ஐந்து புள்ளிகள் என்றால் கணக்கு 25. பழைய குறிப்புகளையும் தேடிச் சேர்த்து, சுற்றின் சராசரி 11 ஆண்டு என்றார்.

இனி நம் கதைக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது தாது வருஷப் பஞ்சம். பிழைப்புத் தேடிக் கடல் கடந்தோர் பலர். 1877-இல் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, புள்ளி குறைந்தால் சென்னையில் மழையும் குறைகிறது என்று எழுதினார். அது மெய்யானால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாமே! சூரியனுக்கும் மழைக்கும் உள்ள உறவை அறியும் ஆவல் வளர்ந்தது. கொடைக்கானலில் வானாய்வுக்கூடம் 1899-இல் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மழை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. ஹண்டர் பார்த்தது சில சுற்றுகளைத்தான். ஒரு வாரப் பால் எடையை வைத்து மரத்தை மதிப்பிட முடியுமா? தவிர, பஞ்ச நாளிலும் தானியம் கப்பலேறிப் போயிற்று. பழியை வானத்தின் மேல் மட்டும் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

ஆனாலும் வேலை நிற்கவில்லை. 1904 முதல் கொடைக்கானலில் நாள்தோறும் சூரியனைக் கண்ணாடித் தகட்டில் படமெடுத்தார்கள். காலையில் பெரட்டில் பெயர் பதிவது போலத்தான். மேகம் மூடிய நாளில் மட்டும் சூரியன் 'ஆப்சென்ட்'! அத்தகடுகள் இப்போது கணினியில் ஏறியுள்ளன. புள்ளி மிகும் காலத்தில் சூரியப் புயல்கள் செயற்கைக்கோளையும் சிற்றலை வானொலியையும் குலைப்பதால், பழைய பதிவுகளுக்கு இன்றும் தேவை இருக்கிறது. 2019 டிசம்பரில் தொடங்கியது 25-ஆம் சுற்று. 2024-இல் உச்சம் கண்டது.

பிள்ளைகளே, சூரியனை வெறுங்கண்ணால் நோக்காதீர்கள், கண் போய்விடும். தகரக் கூரையின் சிறு ஓட்டை வழியே தரையில் விழும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். அது ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் உருவமே.