வாய் திறவாத உரை



அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 என்னும் 21 இலக்க எண் கிட்டும். அது பகா எண் என்றார் பிரெஞ்சுத் துறவி மெர்சேன், 1644இல். பகு எண்ணே என 1876இல் நிறுவினார் எதுவார் லூக்கா. காரணிகளை அவர் காட்டவில்லை. 1903இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் எழுந்தார். பேசாமல் கரும்பலகையில் அவ்வெண்ணைக் கணக்கிட்டார். அருகே 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. அமர்ந்தார். அவை கைதட்டியது என்பர். மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளின் உழைப்பாம் அது.

பிளவுபடும் என்பது வேறு. எங்கே பிளவுபடும் எனக் காட்டுவது வேறு. ‘இக்கவிதை தேறாது’ என இம்மன்றத்தில் பத்தாண்டுகளாகத் தீர்ப்புரைத்திருக்கிறேன். எவ்வடியில் என்று காட்டியதில்லை. இனிக் காட்டுவேன், இயலாதபோது வாய் திறவேன்.