மலாவி ஏரிக்கரையில்



ஆப்பிரிக்கா என்றவுடன் சிங்கமும் யானையும் மணற்காடுமே நம்மில் பலர் நினைவுக்கு வருகின்றன. அங்கே கடல் போன்ற ஏரிகள் உண்டு என்பதும், அவற்றின் கரைகளில் நம் கடற்கரையூர்களைப் போலவே வலை உலர்த்தி, மீன் காயவைத்து வாழும் மக்கள் உண்டு என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அத்தகைய ஏரியொன்றின் கரையில் கூடாரம் அடித்துத் தங்கி, ஊராருடன் பழகி வந்த செய்தியை இப்போது கூறப் புகுகின்றோம்.

கண்டத்தின் தென்கிழக்கே மலாவி என்னும் சிறு நாடு இருக்கின்றது. 1964ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் சுதந்தரம் பெறும்வரை அதன் பெயர் நியாசாலாந்து. ஏரிக்கும் நியாசா ஏரி என்றே பெயர். 'நியாசா' என்பதற்கு அவ்விடத்து மொழியில் ஏரி என்றுதான் பொருள். 1859இல் அங்கு வந்த லிவிங்ஸ்டன் கேட்டெழுதிய பெயர் அது. நம்மூர் 'நடுசென்டர்' போன்றதொரு பெயர் உலகப் படங்களிலெல்லாம் ஏறிவிட்டது! ஏரியின் நீளம் சுமார் 580 கிலோமீட்டர். சென்னையில் புறப்பட்டு, மதுரையையும் கடந்து, கோவில்பட்டியை எட்டும் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆழம் மிகுந்த இடத்தில் 700 மீட்டர் அளவுக்குப் போகின்றது.

நாங்கள் தங்கியது ஏரியின் தென்கோடியில், மக்ளியர் முனையில் உள்ள செம்பே என்னும் ஊரின் அருகே. 1875இல் ஸ்காத்லாந்துப் பாதிரிமார் அங்கே தங்கள் நிலையத்தை நிறுவினர். மலேரியா அவர்களில் சிலரை மாய்க்கவே, 1881இல் வடக்கே பெயர்ந்தனர். அவர்களுடைய கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. நாங்கள் சென்றது ஜூலை மாதம். மழையில்லை, இரவில் குளிர். தென்கிழக்கிலிருந்து 'ம்வேரா' என்னும் காற்று வீசத் தொடங்கினால் ஏரி கடலாகவே மாறிவிடுகின்றது. கூடாரத்தின் முளைகளை இருமுறை மணலினின்று பிடுங்கி எறிந்தது அக்காற்று.

அந்நாட்டில் ஓர் ஊரின் எல்லையில் தங்குவதற்கு முன் ஊர்த்தலைவரைக் கண்டு அனுமதி பெறுதல் மரபு. ஒரு வீட்டை அணுகினால் கதவைத் தட்டாமல், சற்றுத் தள்ளி நின்று 'ஓடி!' என்று குரல் கொடுக்க வேண்டும். நம் செவிக்கு அது விரட்டுவது போல் ஒலித்தாலும், 'உள்ளே வரலாமா?' என்பதே அதன் பொருள். உள்ளிருந்து 'ஓடினி' என்று விடை வந்தபின் நுழையலாம். பிறகு நலம் விசாரித்தல். 'முலி ப்வாஞ்ஜி?' என்று அவர் கேட்க, 'ந்திலி ப்வினோ, காயா இனு?' என்று நாம் சொல்ல வேண்டும். நலமே, தாங்கள் எப்படி என்பது கருத்து. அவசரக்காரருக்கு அவ்வூரில் மதிப்பில்லை. நலம் விசாரியாமல் நேரே காரியத்தைத் தொடங்குபவரை வளர்ப்புச் சரியில்லாதவராகவே அவர்கள் கருதுகின்றனர். வயதில் மூத்த பெண்டிரை 'அமாயி' என்று அழைப்பதை மட்டும் எங்களுக்கு யாரும் இருமுறை கற்பிக்க நேரவில்லை.

சிறுவர்கள் எங்களைக் கண்டதும் 'அம்வென்யே' என்று கூவினர். இந்தியருக்கு அங்கே வழங்கும் பெயர் அது. குஜராத்தி வணிகர் பலர் ஒரு காலத்தில் நாட்டின் உட்பகுதிகளில் கடை நடத்தினர். 1970களில் அரசு அவர்களைச் சில நகரங்களுக்குள்ளேயே இருக்குமாறு செய்துவிட்டது. 'நீங்கள் இந்தியர், ஆனால் அந்த வணிகர்களின் மொழி உங்கள் மொழியன்று என்கிறீர்களே, அது எப்படி?' என்று தலைவர் வியந்தார். டில்லியிலும் மும்பையிலும் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நேயர்களுக்கு எங்கள் விடையைக் கூற வேண்டியதில்லை.

உணவு எங்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்யும் 'ன்சிமா' நம் களிக்கு உடன்பிறப்பு. வலக்கையால் உருட்டி, கட்டை விரலால் குழித்து, மீன் சாற்றிலோ கீரையிலோ தோய்த்து உண்கின்றனர். உண்ணுமுன் இளையவர் பெரியவர்களின் கைகளில் நீர் வார்க்கின்றனர். 'உஸிப்பா' என்னும் பொடிமீன் பார்வைக்கு நெத்திலியே. இரவில் விளக்கொளி காட்டி வரவழைத்துப் பிடித்து, நாணற் பரண்களில் காயவைக்கின்றனர். 'சாம்போ' என்னும் பெரிய மீனோ, 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீனின் நெருங்கிய உறவு. புளியமரம் அங்கே இயற்கையாகவே வளர்வது. ஆதலால் ஒரு நாள் உஸிப்பாவைப் புளிக்குழம்பு வைத்துத் தலைவர் வீட்டுக்கு அனுப்பினோம். பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது; கூடவே, மிளகாயைக் குறைக்கலாம் என்ற சொல்லும் வந்தது.

மாலை வேளைகளில் மரத்தடியில் 'பாவோ' ஆடுவர். நம் பல்லாங்குழியில் வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசைகள் அல்லவா? பாவோவில் வரிசைக்கு எட்டாக நான்கு, விதைகள் 64. குழி காலியாவதும், கை நிறைய அள்ளுவதும் நமக்குத் தெரிந்தவையே. எனினும் ஒரு கிழவரிடம் எங்களில் ஒருவரும் வெல்லவில்லை.

அந்த மரத்தடியிலேதான் ஊரின் வழக்கும் எங்கள் செவியில் விழுந்தது. 1980இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று; 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாறைகளிடையே நீலமும் மஞ்சளுமாய்த் திரியும் 'ம்புனா' மீன்களே அதற்குக் காரணம். உலகின் வேறெந்த ஏரியிலும் இத்தனை வகை மீன்கள் இல்லை. முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும் தாய்மீன்கள் அவை. பூங்காவின் கரையிலிருந்தும் தீவுகளிலிருந்தும் 100 மீட்டர் வரையுள்ள நீரில் வலை வீசலாகாது. மலைக்காட்டில் மரம் வெட்டலாகாது. ஊரோ பூங்காவின் நடுவே சிக்கிக் கிடக்கின்றது, ஜனத்தொகையும் பெருகிவிட்டது. மீனைப் புகையிட விறகு வேண்டும். வயிற்றுக்கு மீன் வேண்டும்.

இதனுடன் பின்னிய இன்னொரு துன்பமும் உண்டு. கரையோரத்து நத்தைகளின் வழியே பரவும் பில்ஹார்சியா என்னும் நோயில் சிறுநீரில் இரத்தம் காணும். குழந்தைகளையே மிகுதியாகப் பற்றும். முன்னாளில் இவ்வேரியின் திறந்த கரைகளில் இந்நோய் அரிது என்று கருதினர். 1980களின் நடுவிலிருந்து அது பெருகியது. நத்தைகளைத் தின்னும் மீன்களைக் கரைவலைகள் வாரிவிட்டமையே ஒரு காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர். நோய்க்கு மருந்து உண்டு. ஆனால் குணமடைந்தவர் மறுபடி அதே நீரில் இறங்கினால் நோயும் மறுபடி வரும். நாங்கள் நீரைப் பிடித்து இரண்டு நாள் தேக்கி வைத்துக் குளித்தோம். துணி துவைக்கவும் பாத்திரம் துலக்கவும் நாள்தோறும் முழங்காலளவு நீரில் நிற்கும் அமாயிமார் அவ்வாறு செய்தல் எங்ஙனம்?

இவ்விஷயத்தில் ஊர் ஒருமுகமாக இல்லை. 'என் தந்தை வலை வீசிய பாறையை எனக்கு அந்நிய இடம் என்கிறார்கள். தொலைவிலிருந்து வருபவர் அதே பாறையில் நீந்திப் பார்க்கப் பணம் கட்டுகிறார்' என்றார், பாவோவில் எங்களை வென்ற கிழவர். அவர் மகளின் மகனோ, பயணிகளைப் படகில் ஏற்றிச் சென்று பிழைப்பவன். 'அந்தப் பாறையிலும் வலை வீசியிருந்தால், தாத்தா, இன்று எதைக் காட்டி நான் சம்பாதிப்பது?' என்றான். 'நீ காட்டுகிறாய், நான் தின்ன வேண்டாமா?' என்று கிழவர் திருப்பிக் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தனர், அவர் சிரிக்கவில்லை. எங்கள் கருத்தையும் கேட்டனர். கரையோர நீரை ஆண்டில் சில மாதங்களேனும் விட்டுவைக்க ஊராரே கூடி முடிவு செய்தால், நத்தை தின்னும் மீன் திரும்பக்கூடும் அல்லவா என்றோம். 'அந்த மாதங்களில் என் வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு?' என்றார் கிழவர். அதற்கு எங்களிடம் விடை இல்லை. காற்று அடங்கியிருந்தது. பேரன் எழுந்து விளக்குகளை எடுத்துவர, இருவரும் ஒரே படகைத் தள்ளிக்கொண்டு உஸிப்பா பிடிக்கப் புறப்பட்டனர்.