பாலத்துக்கு அப்பால் பேருந்துப் பயணம்



குளுவாங், கூலாய், ரெங்கம், லாயாங்-லாயாங் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தவர்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று சிங்கையில் வேலை செய்கிறார்கள். பிள்ளையைப் பார்க்க வேண்டும், பேரக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று பெற்றவர்களும் புறப்படுகிறார்கள். 1924-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். தோட்டத்து ஆபீசுக்கும் கடைசி லயத்துக்கும் உள்ள தூரம் என்று சொல்லலாம். ஆனாலும் அந்தப் பக்கம் வேற்று நாடு. இதை மறந்துவிட்டு ஏதோ பக்கத்து ஊருக்குப் போவதுபோல் பேருந்தில் ஏறுகிறவர்கள்தாம் வழியில் திண்டாடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தையை நான் அழைத்துச் சென்றேன். அத்தை மகளுக்குச் சிங்கையில் குழந்தை பிறந்திருந்தது. வசம்பு, தைலம், ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு எல்லாம் ஒரு துணிப்பையில். லார்க்கின் நிலையத்தில் 170-ஆம் எண் பேருந்தில் ஏறினோம். ஜொகூர் பாருவில் சுல்தான் இஸ்கந்தார் கட்டடத்தின் முன் வண்டி நின்றதும் எல்லாரும் இறங்கினார்கள். "சோதனைதானே தம்பி, முடிச்சிட்டு வந்து ஏறிக்கலாம்" என்று அத்தை பையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கடப்பிதழை மட்டும் எடுத்துக்கொண்டார். கூட்டத்தில் நானும் அதைக் கவனிக்கவில்லை.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. இந்தப் பேருந்துகள் நமக்காகக் காத்திருப்பதில்லை. நாம் வரிசையில் நிற்கும்போதே வந்த வண்டி போய்விடும். குடிநுழைவுச் சோதனை முடிந்து கீழே இறங்கினால், அதே எண்ணுள்ள அடுத்த வண்டியில்தான் ஏற வேண்டும். பாலத்தைக் கடந்ததும் ஊட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் மறுபடியும் இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். ஆகவே ஒரே பயணத்தில் மூன்று வண்டிகள்! மூட்டை முடிச்சு, குடை, தண்ணீர்ப் புட்டி எதுவானாலும் இரண்டு இடத்திலும் கையோடு இறங்க வேண்டும். பயணச் சீட்டு வாங்கியிருந்தால் அதையும் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த வண்டியில் காட்ட வேண்டும். அட்டையைத் தட்டி ஏறியவர்கள் இறங்கும்போதும் தட்டிவிட்டே இறங்க வேண்டும்.

அத்தையோ, கீழே வந்தபிறகு ஓட்டுநரின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மீசை வைத்த ஆள், அந்த வண்டிதான் நம் வண்டி என்று சொல்லி, வந்த இரண்டு 170-ஐயும் போகவிட்டார். மூன்றாவது வண்டியில் நான் கட்டாயப்படுத்தி ஏற்றினேன். பிறகு விசாரித்துப் பார்த்தும் பை கிடைக்கவில்லை. பேத்தியைப் பார்க்க வெறுங்கையோடு போகிறோமே என்று அத்தை வழியெல்லாம் பேசவே இல்லை.

முகத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். 170 புக்கிட் தீமா சாலை வழியாகத் தேக்காவை ஒட்டிச் சென்று குவீன் ஸ்திரீட்டில் முடியும். 950 ஊட்லண்ட்சோடு நின்றுவிடும். 160 ஜூரோங் பக்கம் போவது. மஞ்சள் நிறக் காஸ்வே லிங்க் வண்டிகளிலும் தனித்தனித் தடங்கள் உண்டு. மகன் வீடு ஜூரோங்கில் இருக்க, தேக்காவில் போய் இறங்கினால் நாள் வீணாகும். எழுத்து தெரியாத பெரியவர்களுக்கு எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதே தாளில் பிள்ளையின் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.

புறப்படுமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சிங்கையின் வருகை அட்டையை இப்போது கைப்பேசி வழியாக நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் நிரப்பலாம். குழந்தைக்கும் தனி அட்டை, தனிக் கடப்பிதழ். சிங்கை அரசின் தளத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. காசு கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் கால் மணி நேர வேலை.

வெற்றிலை போடும் பாட்டிமார் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மெல்லும் புகையிலையைச் சிங்கைக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. பாட்டி கோபித்துக்கொண்டாலும் இடுப்புச் சுருக்குப்பையை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுங்கள். சிகரெட் ஒரு பெட்டியானாலும் சுங்க அதிகாரியிடம் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். சூயிங்கம் 1992 முதல் தடை செய்யப்பட்ட பொருள்.

அங்குள்ள உள்ளூர்ப் பேருந்துகளில் ரொக்கம் கொடுத்தால் சில்லறை திருப்பித் தரமாட்டார்கள். நம் தோட்டத்து வழியில் மாமரத்தடியில் நின்று குரல் கொடுத்தால் வண்டி நிற்கும். அங்கே நிறுத்தத்தில் நின்று கையைக் காட்ட வேண்டும். முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்க வேண்டும். திரும்பி வரும்போது கட்டணம் சிங்கை வெள்ளியில் என்பதால், அந்தப் பணத்தை முழுவதும் செலவழித்துவிடாதீர்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் பாலத்தில் கூட்டம் தாங்காது. முடிந்தால் வேறு நாளில் போங்கள்.

பேத்திக்கு மூன்று மாதம் ஆனபோது அத்தை மறுபடியும் புறப்பட்டார். இம்முறை புதுக் கொலுசைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். "நீ வர வேண்டாம் தம்பி, நூத்தி எழுபதுதானே, நானே பாத்துக்கிறேன்" என்றார். மாலையில் தேக்காவிலிருந்து தொலைபேசி வந்தது, பேசியது அத்தைதான்.